அவள் எப்ப ஓம் எண்டவள்? வயதுவந்தோருக்கான சூப்பர் ஹீரோ டேட்டிங் கேம்களில் சம்மதமும் உறவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டு மேல்மாடியில் நாங்கள் நான்கு பேர் பின்னேரங்களில் சேர்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். 18 வயது தாண்டியவர்களுக்கானது. சூப்பர் ஹீரோக்கள் காதலிக்கிற கதை. கதையும் உரையாடலும் என் பொறுப்பு. கேள்விப்பட்டவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாகத்தான் இருக்கின்றன. இதே வகைக் கேம் எழுதத் தொடங்கியிருக்கிற தம்பி தங்கச்சிமாரும் அவற்றைத்தான் கேட்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது என்ன மாதிரியான கேம்?

படமும் எழுத்தும் சேர்ந்த கதை. திரையில் ஒருவர் நிற்பார், அவர் பேசுவது கீழே எழுத்தாய் வரும், இடையிடையே பதிலாக எதைச் சொல்வது என்று நீங்கள் தெரிவு செய்யவேண்டும். யப்பானில் வளர்ந்த வகை இது. கொனாமி 1994இல் வெளியிட்ட டோக்கிமெக்கி மெமோரியல் இதைப் பெருங்கூட்டத்திடம் கொண்டுபோனது. இன்று நாலைந்து பேர் சேர்ந்தாலே ஒரு கேம் செய்யலாம் என்ற நிலை வந்ததற்கு ரென்பை என்ற இலவச மென்பொருள் பெரிய காரணம். அது 2004 முதல் இருக்கிறது. நாங்களும் அதில்தான் எழுதுகிறோம்.

எங்கள் கேமில் உடலுறவை வரைந்து காட்டவில்லை. கதவு மூடும், திரை இருளும். கதவு மூட முன் இருவரும் என்ன பேசினார்கள், திறந்த பிறகு என்ன பேசுகிறார்கள் என்பதில்தான் எங்கள் உழைப்பெல்லாம் போகிறது.

பாத்திரங்கள் வெறும் படம்தானே. படத்துக்கு எதற்குச் சம்மதம்?

படத்துக்கு நோகாது. அது உண்மை. ஆனால் கதைப் புத்தகத்தில் பாத்திரம் செய்வதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், கேமில் நாமே செய்கிறோம். எதைச் செய்தால் எது கிடைக்கும் என்பதைக் கேம் திரும்பத் திரும்பக் காட்டித்தருகிறது. இருபது மணித்தியாலம் விளையாடிய ஒருவருக்கு அந்த விதி விரல் நுனியில் வந்துவிடும். அந்த விதியை எழுதுகிறவர் அதற்குப் பொறுப்பு.

எங்களுக்கு இது விளங்கிய விதத்தையும் சொல்லவேண்டும். முதல் பதிப்பில் யாழினி என்று ஒரு பாத்திரம் வைத்திருந்தோம். மின்சாரத்தைக் கையால் இழுத்து எறியக்கூடிய பொறியியலாளர், வயது 29. விளையாடுபவர் அவளை மூன்று தரம் ஆபத்திலிருந்து மீட்டு, பிடித்த பொருட்கள் சிலதைக் கொடுத்து, 60 புள்ளி சேர்த்துவிட்டால் மொட்டைமாடிக் காட்சி தானாகத் திறக்கும். முத்தம், பிறகு கதவு. மழை, தூரத்தில் கோயில் மணி, எல்லாம் வைத்து அழகாய் எழுதியிருந்தேன். சோதித்துப் பார்க்க வந்த சிநேகிதி ஒருத்தி, ஆங்கில ஆசிரியை, கடைசிவரை விளையாடிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "இவள் எப்ப ஓம் எண்டவள்?"

கோப்பு முழுக்கத் தேடினோம். யாழினி ஓரிடத்திலும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை. சொல்லச் சந்தர்ப்பமும் நான் வைக்கவில்லை. புள்ளி நிறைந்தது, அவள் வந்தாள். அவ்வளவுதான். அந்தக் காட்சியைத் தூக்கிவிட்டோம். அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு காட்சியையும் அந்த ஒரு கேள்வியோடுதான் வாசித்துப் பார்க்கிறேன்.

அன்புப் புள்ளி முறையில் அப்படி என்ன பிழை? எல்லாக் கேமிலும் இருக்கிறதே?

இருக்கிறது, பலவற்றில் அழகாகவும் இருக்கிறது. ஸ்டார்டியூ வேலியில் ஒருவருக்குக் கிழமைக்கு இரண்டு பரிசு கொடுக்கலாம். 250 புள்ளிக்கு ஓர் இதயம், எட்டு இதயம் நிறைந்தால் பூங்கொத்து கொடுத்துக் காதலைச் சொல்லலாம். கமம் செய்கிற அமைதியான கேம் அது. அங்கே அந்தக் கணக்கு ஒருவரையும் உறுத்தாது. 2009இல் வந்த டிராகன் ஏஜ் ஒரிஜின்ஸில் கூட வருபவர்களுக்கு விருப்பமான பொருட்களைக் கொடுத்தே அவர்களின் மதிப்பை உயர்த்தலாம். ஒருத்திக்கு முன்னால் மோசமாக நடந்துகொண்டு, பிறகு பொருள் கொடுத்து அதைச் சரிக்கட்டவும் அங்கே வழி இருக்கிறது. டோக்கிமெக்கியில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஒரு பெண்ணை நெடுநாள் கவனியாமல் விட்டால் அவள் பெயருக்குப் பக்கத்தில் குண்டு ஒன்று தோன்றும், அது வெடித்தால் மற்றப் பெண்களிடமும் உங்கள் பெயர் கெடும். ஒருவர் மனம் நோவது அங்கே விளையாடுபவர் சமாளிக்கவேண்டிய ஓர் ஆபத்தாக மட்டும் நிற்கிறது.

காதல் கட்டில்வரை போகிற கேமில் இதே கணக்கு வேறு முகம் காட்டுகிறது. எண் நிறைந்தால் உடல் கிடைக்கும் என்று ஆகிவிடுகிறது. அந்த எண் அவளுடைய மனத்தின் அளவு என்று பெயருக்குச் சொன்னாலும், உண்மையில் அது விளையாடுபவர் செலுத்திய தொகை. தொகை கட்டினவருக்குப் பொருளைக் கொடுக்காமல் விடலாமோ என்ற எண்ணம் தானாக வந்துவிடும்.

எங்கள் ஊரில் அயல்வீட்டிலிருந்து கொழுக்கட்டை வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பி அனுப்பமாட்டோம். நல்ல பழக்கம், நான் இன்றும் செய்கிறேன். ஆனால் அதே பழக்கத்தோடு ஒருத்தி ஒரு பரிசை வாங்கினால், எதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கிறோம்? "இவ்வளவு செய்தனான், இவள் என்னைத் திரும்பியும் பாக்கேல்லை" என்று பஸ் தரிப்பிடத்தில் நின்று புலம்புகிற பெடியனை எல்லாரும் கண்டிருக்கிறோம். அவனுடைய கணக்கும் அந்தக் கேமின் கணக்கும் ஒன்றுதான்.

அப்படியென்றால் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

ஓர் எண்ணை மூன்றாய்ப் பிரித்தோம். நம்பிக்கை ஒரு மாறி, அதாவது கதை போகப்போக மாறும்படி கேம் வைத்திருக்கிற ஒரு கணக்கு. ஈர்ப்பு இன்னொரு மாறி. மூன்றாவது அன்றைய நாளின் நிலை: அவள் களைத்திருக்கிறாளா, அம்மாவோடு சண்டை பிடித்துவிட்டு வந்தாளா, நேற்றைய காயம் இன்னும் வலிக்கிறதா. இந்த மூன்றில் முதல் இரண்டையும் விளையாடுபவரின் நடத்தை மெல்ல மெல்ல மாற்றும். மூன்றாவதை அவர் தொடவே முடியாது, அது அவளுடைய வாழ்க்கையிலிருந்து வருகிறது. நம்பிக்கையும் ஈர்ப்பும் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் "இண்டைக்கு வேண்டாம்" என்று அவள் சொல்லக்கூடும். சொன்னதால் எந்த எண்ணும் குறையாது. பரிசு கொடுக்கலாம், அவள் மகிழ்வாள், ஆனால் பரிசு எந்த மாறியையும் கூட்டாது.

எண்கள் ஒன்றையும் திரையில் காட்டுவதில்லை. காட்டினால் விளையாடுபவரின் கண் அவள் முகத்தை விட்டு எண்ணுக்குப் போய்விடும்.

இதைவிடப் பெரிய தலையிடி ரென்பையில் இருக்கிற பின்னோட்டம். மௌஸ் சில்லை மேலே உருட்டினால் கதை பின்னால் போகும், வேறு பதிலைத் தெரிவு செய்யலாம். வசதியான விடயம், தவறுதலாக அழுத்திவிட்டவர்களுக்கு உதவும். ஆனால் அவள் "வேண்டாம்" என்று சொன்ன கணத்தில் சில்லை உருட்டி, மூன்று வசனங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, எது திறக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். பூட்டுக்கு மூன்று திறப்பைப் போட்டுப் பார்க்கிற மாதிரி. பின்னோட்டத்தைத் தடுக்கிற கட்டளை மென்பொருளிலேயே உண்டு. குழுவில் ஒருவர் அதைப் போடுவோம் என்றார். நான் வேண்டாம் என்றேன். விளையாடுபவரின் கையைக் கட்டுவதால் அவள் பதிலுக்கு மதிப்பு வந்துவிடாது.

கடைசியில் இப்படி முடிவெடுத்தோம்: அந்த இடத்தில் நீங்கள் எந்த வசனத்தைத் தெரிவு செய்கிறீர்கள் என்பதில் அவளுடைய ஓமும் வேண்டாமும் தங்கியிருக்காது. கடந்த சில அத்தியாயங்களில் நடந்தவையும் அன்றைய நிலையும்தான் தீர்மானிக்கும். எத்தனை தரம் உருட்டிக் கேட்டாலும் பதில் அதேதான். நீங்கள் கேட்ட விதத்துக்கு ஏற்ப அவள் சொல்லும் தொனி மட்டும் மாறும். இதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு அதிக காலம் எடுத்தது.

சூப்பர் ஹீரோ என்பதால் என்ன வித்தியாசம்? காதல் காதல்தானே?

ஒருவர் காரைத் தூக்கி எறிவார், மற்றவரால் முடியாது. அந்த இருவருக்குமிடையில் "வேண்டாம்" என்ற சொல் எவ்வளவு பாரமாகிறது என்று பாருங்கள். இந்த வகைக் கதைகளின் இனிப்பும் நஞ்சும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

மார்வல் கொமிக்ஸில் ஊதா மனிதன் 1964இலேயே வந்துவிட்டான். அவன் சொன்னதைக் கேட்பவர்கள் செய்வார்கள். அவனை வில்லனாகத்தான் வரைந்தார்கள். 1980இல் அவெஞ்சர்ஸ் 200ஆம் இதழில் அதே பிழை நாயகர்கள் பக்கம் நடந்தது. மிஸ் மார்வலாகிய கேரல் டான்வர்ஸை ஒருவன் வேறு உலகத்துக்குக் கொண்டுபோய், இயந்திரங்களின் உதவியோடு அவள் மனத்தைத் தன் பக்கம் திருப்புகிறான். அவள் கர்ப்பமாகிறாள். கடைசியில் அவனோடு போகிறேன் என்கிறாள், தோழர்கள் ஏதோ காதல் கதை முடிந்தது போல வழியனுப்பி வைக்கிறார்கள். வாசகர்கள் கோபப்பட்டார்கள். அடுத்த வருடம், அவெஞ்சர்ஸ் ஆண்டு மலர்களில் 10ஆவதில், எழுத்தாளர் கிறிஸ் கிளாரமொன்ட் கேரலைத் திரும்பக் கொண்டுவந்து அந்தத் தோழர்களின் முகத்துக்கு நேரே பேசவைத்தார்: எனக்கு என்ன நடந்தது என்று உங்களில் ஒருவர்கூட ஏன் யோசிக்கவில்லை என்று. சூப்பர் ஹீரோக் காதல் எழுதும் எல்லாரும் இந்த இரண்டு இதழ்களையும் அடுத்தடுத்து வாசிக்கவேண்டும் என்பது என் ஆசை. அவள் வாயால் "ஓம்" வந்ததுதான். அந்த ஓமை உண்டாக்கியது இயந்திரம்.

ஒவ்வொரு சக்தியும் ஒவ்வொரு விதமாய்ப் பிழைக்கும். பிறர் மனத்தை வாசிப்பவர் "அவள் உள்ளுக்குள் ஆசைப்படுகிறாள், எனக்குத் தெரியும்" என்பார். தெரிந்தால் என்ன? ஆசைப்பட்டும் வேண்டாம் என்று முடிவெடுக்க அவளுக்கு உரிமை உண்டு. நினைத்தது அவளுடையது, சொன்னது மட்டும்தான் உங்களுக்குத் தந்தது. எங்கள் கேமில் அனுமதியில்லாமல் மனத்தை வாசித்தால் நம்பிக்கை ஒரேயடியாக விழும், அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் இரக்கம் காட்டவில்லை.

உருமாறுபவர் வேறொருவர் முகத்தோடு படுக்கையறைக்குள் போக முடியாது. முகமூடிக்காரர் தன் பெயரைச் சொல்லாமல் முத்தம்வரை போகலாம், அதற்கு மேல் போகமுடியாது, கதவு மூட முன் முகமூடி கழரவேண்டும். அணித்தலைவருக்கும் பயிற்சிக்கு வந்தவருக்கும் இடையில் காதல் வந்தால், முதலில் ஒருவர் அணி மாறவேண்டும். சம்பளமும் பதவி உயர்வும் அவர் கையில் இருக்கும்போது சொல்லப்படும் ஓமை என்னால் நம்ப முடியவில்லை.

காப்பாற்றுவது பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த வகைக் கதைகளில் மிகப் பழகிப்போனது அதுதான். எரியும் கட்டடத்திலிருந்து தூக்கிவருகிறார், அன்றிரவே அவள் அவர் கைகளில். நடுக்கம் ஓயாத ஒருத்தியிடம் அன்றிரவு எதைக் கேட்பதும் நியாயமில்லை. எங்கள் கேமில் மீட்ட நாளிலிருந்து கேமின் கணக்கில் மூன்று நாள் கழியும்வரை அப்படியொரு காட்சி திறக்காது. அந்த மூன்று நாளும் நன்றி சொல்லும் காட்சிகள், தூக்கம் வராத இரவுகள், சும்மா தேத்தண்ணி குடிக்கும் காட்சிகள். சோதித்தவர்களுக்கு அந்த நாட்கள்தான் அதிகம் பிடித்திருந்தன.

மௌனம் சம்மதம் என்று சொல்வார்களே?

சொல்வார்கள். பொம்பிளை பார்க்க வந்த வீட்டில் தேத்தண்ணித் தட்டோடு வந்து, தலையைக் குனிந்து நின்று, உள்ளே போன ஒருத்தியைப் பற்றி "பிள்ளைக்கு விருப்பம்தான், ஒண்டும் சொல்லேல்லை" என்று முடிவெடுத்த கலியாணங்கள் எத்தனையோ. என் குடும்பத்திலும் உண்டு. அந்த அன்ரி வாழ்ந்து முடித்துவிட்டார், யாரும் அவரிடம் கேட்டதில்லை.

கேமில் இது நேரக் கடிகாரமாய் வருகிறது. டெல்டேல் நிறுவனத்தின் கேம்களில் பதில் சொல்ல ஒரு சின்ன நேரக்கோடு ஓடும், அது முடிந்தால் நீங்கள் மௌனமாய் இருந்ததாகக் கதை தொடரும். மௌனமும் ஒரு பதிலாய் எண்ணப்படுவது நல்ல உத்தி. ஆனால் அந்த மௌனத்தை எந்தப் பக்கம் வாசிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். எங்கள் கேமில் இரு பக்கமும் ஒரே விதி. அவள் பேசாமல் நின்றால் காட்சி முன்னால் போகாது. நீங்கள் பதில் சொல்லாமல் விட்டாலும் போகாது. விளையாடுபவரின் பாத்திரத்துக்கும் சம்மதம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆண்பிள்ளை என்றால் எப்பவும் விருப்பம்தான் என்று எழுதுவது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையை 1995இல் திருத்தியபோது, சம்மதமில்லை என்று நிரூபிக்க உடலில் காயம் போன்ற எதிர்ப்பின் தடயம் அவசியமில்லை என்ற விளக்கத்தைச் சேர்த்தார்கள். போராடவில்லை என்பதால் சம்மதித்தாள் என்று ஆகாது. சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டதைக் கேம் எழுதுபவர்கள் இன்னும் ஏற்றிக்கொள்ளவில்லை.

வேண்டாம் என்று சொன்னால் கேம் சப்பென்று முடிந்துவிடாதா? காசு கொடுத்து வாங்கியவருக்கு ஏமாற்றம்தானே?

மறுப்புக்குப் பிறகு எழுத்தாளர் ஒன்றும் எழுதாமல் விட்டால் ஏமாற்றம்தான். பெரும்பாலான கேம்களில் மறுப்பு ஒரு சுவர். "இன்னும் போதிய அன்பு இல்லை" என்று ஒரு வரி வரும், நீங்கள் திரும்பிப்போய்ப் பரிசு சேர்ப்பீர்கள். அதாவது அந்த மறுப்பு மறுப்பே இல்லை, தவணை சொல்வது.

நாங்கள் மறுப்பைப் பாதையாக எழுதுகிறோம். யாழினி வேண்டாம் என்றால் அதற்குப் பிறகு ஒரு முழுக்காட்சி உண்டு. மாடியில் இருந்து கதைக்கிறார்கள், அவள் தன் முதல் மின்சார விபத்தைச் சொல்கிறாள், அந்த விடயம் காதல் பாதையில் போனவர்களுக்குத் தெரியவே வராது. கடைசிவரை நண்பர்களாகவே இருந்து முடிக்கும் பாதைக்கும் நல்ல முடிவு இருக்கிறது, அதற்கும் அதே அளவு பக்கம் எழுதினேன். 2022இல் வந்த மார்வல் மிட்நைட் சன்ஸ் இதை நம்புவதற்கு எனக்குத் துணிவு தந்தது. அந்தக் கேமில் காதலே கிடையாது, சூப்பர் ஹீரோக்களோடு நட்பு மட்டும்தான், அதிலேயே பல மணித்தியாலம் மனம் ஒன்றிப்போகிறது.

இன்னொரு கேமையும் சொல்லவேண்டும். 2023இல் வந்த பல்டர்ஸ் கேட் 3இல் அஸ்டேரியன் என்ற இரத்தக்காட்டேரி உங்களோடு பயணம் செய்வான். நீண்டகாலம் பிறருக்கு அடிமையாய் இருந்தவன். வழியில் ஒருத்தி தன்னைக் கடிக்கும்படி அவனைக் கேட்கிறாள், பதிலுக்கு உங்களுக்குப் பெறுமதியான மருந்தொன்று தருவாள். அவனுக்கு விருப்பமில்லை. "கடித்துவிடு, எங்களுக்குப் பிரயோசனம்" என்று நீங்கள் வற்புறுத்தலாம், கேம் தடுக்காது. வற்புறுத்தினால் அவன் மனம் கசந்துபோகும். அவன் பக்கம் நின்றால் பிறகு தனியே வந்து, அதுவரை ஒளித்துவைத்ததைச் சொல்வான். ஒருவருடைய வேண்டாமை மதித்ததால் கதை ஆழமாகப் போகிற இடம் அது.

மறுத்தவர் பிறகு மனம் மாறலாமா?

மாறலாம். ஆனால் பேச்சை அவள்தான் எடுக்கவேண்டும். ஒரு தரம் மறுத்த பிறகு விளையாடுபவரின் தெரிவுகளில் அந்தக் கேள்வியே வராது. ஓம் என்றவர் நடுவில் நிறுத்தலாம். ஒரு இரவு ஓம் என்றது அடுத்த இரவுக்குச் செல்லாது. நிரலில் சொன்னால், அந்த ஓமுக்கான மாறி காட்சி முடிந்ததும் பழையபடி "இல்லை" என்றாகிவிடும், சேமித்து வைக்கமாட்டோம்.

ஒரே நேரத்தில் பலரோடு காதல் செய்யும் பாதை உண்டா?

சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் தெரிந்திருந்தால் உண்டு. தெரியாமல் செய்தால் அது வேறு கதை, அதற்கு வேறு விளைவு. பல்டர்ஸ் கேட் 3இல் கூட வரும் ஹல்சின் என்பவன் உங்களை விரும்பினால், முதலில் உங்கள் துணையோடு பேசிவிட்டு வாருங்கள் என்பான். துணையின் இயல்பைப் பொறுத்துப் பதில் வேறுபடும். அதை அப்படியே எங்கள் முறைக்கு எடுத்துக்கொண்டோம்.

கட்டாயம், வன்முறை போன்ற இருண்ட விடயங்களை எழுதவே கூடாதா?

எழுதலாம். எங்கள் மண்ணில் அதைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கொடுமையைக் கேம் காட்டுகிறதா, இல்லையென்றால் பரிசாகக் கொடுக்கிறதா? வில்லன் மனங்களை ஆட்டிவைப்பதைக் காட்டுங்கள், ஆட்டிவைக்கப்பட்டவளின் பக்கத்திலிருந்தும் ஒரு காட்சி எழுதுங்கள். விளையாடுபவர் அதைச் செய்து, அதற்குப் புள்ளியும் படமும் பெற்றால் அது வேறு.

முன்னறிவிப்பு கட்டாயம். 2021இல் வந்த பாய்ஃபிரண்ட் டஞ்சனில் ஒருவன் விடாமல் பின்தொடரும் கிளைக்கதை இருந்தது. முன்னறிவிப்பு போதாது என்று விளையாடியவர்கள் சொன்னதும் கிட்ஃபொக்ஸ் நிறுவனத்தார் அதைத் திருத்தினார்கள். 2016இல் வந்த லேடிகில்லர் இன் எ பைண்டிலும், ஒரு காட்சி வற்புறுத்தலாய் இருக்கிறது என்ற விமரிசனம் வந்து, எழுதிய கிறிஸ்டின் லவ் அதை மாற்றினார். அந்தக் கேம் சம்மதத்தைப் பற்றி மிகுந்த அக்கறையோடு எழுதப்பட்டது. அக்கறை உள்ளவர்களுக்கும் தவறும், திருத்துவதில் வெட்கமில்லை. எங்கள் கேமின் முதல் திரையில் என்னென்ன வரும் என்ற பட்டியல் இருக்கிறது, எந்தக் காட்சியையும் தாண்டிப்போக ஒரு பொத்தான் இருக்கிறது, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938உம் இருக்கிறது.

விற்பனைத் தளங்களும் சில எல்லைகளைப் போட்டிருக்கின்றன. சம்மதமில்லாத பாலியலைப் புகழும் படைப்புகளைப் பேட்ரியன் ஏற்காது. 2025 யூலையில் பணப் பரிமாற்ற நிறுவனங்களின் அழுத்தத்தால் ஸ்டீம் சில கேம்களை நீக்கியது, இட்ச் தளம் வயதுவந்தோருக்கான கேம்கள் எல்லாவற்றையும் தேடலிலிருந்து மறைத்தது. அந்த வலையில் அக்கறையோடு எழுதியவர்களும் அகப்பட்டார்கள், அது எனக்குக் கவலை. எது கொடுமை, எது கொடுமையைப் பற்றிய கதை என்று பிரித்தறிய ஆட்கள் உட்கார்ந்து வாசிக்கவேண்டும்.

பாத்திரங்களின் வயது?

எல்லாரும் 18க்கு மேல், பெரும்பாலானோர் முப்பதை அண்டியவர்கள். பாடசாலை இல்லை, சீருடை இல்லை, ரியூசன் வகுப்பு இல்லை, "பார்க்கச் சின்னப்பிள்ளை மாதிரி, ஆனால் வயது நூறு" என்ற சாட்டும் இல்லை. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது?

1927ஆம் ஆண்டின் ஆபாசப் பிரசுரங்கள் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. விற்பதற்காகச் செய்வதையும் பரப்புவதையும் அது தொடும். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கூடுவதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு இன்னும் குற்றமாக வைத்திருக்கிறது. வளர்ந்த இருவர் மனமொத்துச் சேர்வதைக் குற்றம் என்கிற அந்தப் பிரிவு சம்மதம் என்ற சொல்லையே அவமதிக்கிறது என்பது என் எண்ணம். எங்கள் கேமில் இரண்டு பெண்களின் காதல் பாதை இருக்கிறது, அதே விதிகளோடு. நீங்கள் எழுதத் தொடங்க முன் ஒரு சட்டத்தரணியோடு கதையுங்கள்.

தமிழில் இதை எப்படி எழுதுவது? "சம்மதமா" என்று கேட்டால் கலியாண வீடு மாதிரி இருக்கிறதே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. "சம்மதம்" கலியாண வீட்டுச் சொல்தான், பெரியவர்கள் பெரியவர்களிடம் கேட்பது. "ஒப்புதல்" கந்தோர்ப் படிவத்தில் வருவது. இருவர் தனித்திருக்கும்போது நாங்கள் அப்படிக் கதைப்பதில்லை. "கிட்ட இருக்கட்டோ?" "கை பிடிக்கட்டே?" "உமக்கு ஓமோ?" என்பதுதான் எங்கள் பேச்சு. இழுத்துச் சொல்லும் "ஓ...ம்" வேறு, வெட்டிச் சொல்லும் "ஓம் ஓம்" வேறு, "ம்ம்" இன்னும் வேறு. "பாப்பம்" என்றால் பெரும்பாலும் வேண்டாம். "ஏலாது" என்றால் ஏலாது. ஒருவரை நோகடிக்காமல் மறுக்க நாங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழிகள் அத்தனையையும் கேமுக்குள் கொண்டுவரவேண்டும், அவற்றை மறுப்பாகவே எண்ணவேண்டும். "வேண்டாம்" என்ற நேரடிச் சொல்லை மட்டும் மறுப்பாக வைத்தால் எங்கள் பெண்களில் பாதிப்பேர் மறுக்கவே இல்லை என்றாகிவிடும்.

அதைவிட யாழ்ப்பாணத்துக்கு ஒரு பெரிய கொடை இருக்கிறது. மற்றப் பல இடங்களில் நீங்களும் நீயும்தான். எங்களுக்கு இடையில் "நீர்" இருக்கிறது. வாங்கோ, வாரும், வா. மூன்று படி. ஒருவரை "நீர்" என்று கூப்பிடத் தொடங்குவதே ஒரு கிட்ட வரவு, அதற்கும் அனுமதி வேண்டும். எண்களை மறைத்துவிட்டால் விளையாடுபவருக்கு உறவின் நிலை எப்படித் தெரியும் என்று குழுவில் கேட்டார்கள். இதால்தான் தெரியும் என்றேன். யாழினி முதல் நான்கு அத்தியாயம் "நீங்கள்" என்றுதான் பேசுவாள். ஐந்தாவதில் ஒரு நாள், கல்வியங்காட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது, "உங்களை நீர் எண்டு சொல்லட்டே?" என்று கேட்பாள். முத்தத்துக்கு எழுதியதைவிட அந்த வரிக்கு நான் அதிக நேரம் செலவழித்தேன்.

திரும்பிப் போகவும் முடியும். அவள் சொல்லாததை நீங்கள் மனத்துக்குள் புகுந்து வாசித்துவிட்டால், அடுத்த நாள் காலை கதவைத் திறந்து "வாங்கோ, இருங்கோ" என்பாள். கோபம் இல்லை, குரல் உயராது, தேத்தண்ணியும் வரும். போன மாதம் சோதிக்க வந்த தம்பி ஒருவர் அந்த இடத்தில் கையை மௌஸிலிருந்து எடுத்துவிட்டார். "அக்கா, இவ ஏன் என்னை நீங்கள் எண்டுறா?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சில்லை மேலே உருட்டி, பதிலை மாற்றாமல், தான் முதல் நாள் சொன்னவற்றை ஒவ்வொரு வரியாய் வாசிக்கத் தொடங்கினார்.